நீ அனுப்பிய மூன்று புரொசசர்கள்

மகன், நீ வெள்ளிக்கிழமை அனுப்பிய பட்டியல் கிடைத்தது. மூன்று புரொசசர்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் மதர்போர்ட், ராம், கிராபிக்ஸ் கார்ட் என்று வரிசையாக எழுதி, கீழே, "அப்பா, என்ர கலியாணத்துக்கு முதல் தம்பிக்கு ஒரு நல்ல மெசின் செய்து குடுக்கோணும். சல்லி நான் அனுப்புறன். இந்த மூண்டில எது அங்க கிடைக்குது எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. தெரிவு நான் செய்யிறன்" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரி எதற்காக என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமாக நீ அதை மனதில் வைத்திருக்கிறாய். பதிலைத் தொலைபேசியில் சொல்ல வழியில்லை. எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் தம்பிக்குக் கேட்கும். அதனால் பம்பலப்பிட்டி ரயில் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்து, மடியில் உன் பழைய கொப்பி ஒன்றை வைத்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். கடல் காற்றில் தாள் பறக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சனிக்கிழமை கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். அதே கடைதான், அதே றிஸ்விதான். தாடியில் நரை விழுந்திருக்கிறது. உன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மகன் நல்லாப் படிச்சித்தான் எழுதியிருக்காரு அங்கிள். நடுவுல ஈக்கிறதுதான் கணக்கு" என்றான். மேலே உள்ளது விலைக்கு ஏற்ற வித்தியாசத்தை விளையாட்டில் காட்டாதாம், அந்தக் காசைக் கிராபிக்ஸ் கார்ட்டில் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியுமாம். கீழே உள்ளது மலிவு, ஆனால் அதன் சொக்கட் பழைய வகை, அந்தக் கம்பெனி இனி அதற்குப் புதிதாக எதுவும் விடப்போவதில்லை. நடுவில் உள்ளதை வாங்கினால் நான்கு ஐந்து வருடம் கழித்தும் மதர்போர்ட்டை மாற்றாமல் புரொசசரை மட்டும் கழற்றிப் புதியதைப் போடலாம். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். சொக்கட் பொருந்துகிறதா, ராம் எந்த வகை, மின்சாரப் பெட்டி தாங்குமா, விசிறி உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்று நானே கேள்வி கேட்டதைப் பார்த்து றிஸ்வி சிரித்தான். ஏழு வருடத்துக்கு முன் இதே மேசையில் நீ இவற்றைச் சொன்னபோது நான் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று நீ நினைத்தாய். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கஞ்சன் என்ற பெயர் எனக்கு அன்று வசதியாக இருந்தது.

அன்று நாங்கள் மெசின் வாங்கிய கிழமையில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. நீ கம்பஸில் இரண்டாம் வருடம். தம்பி அபிக்குப் பதினைந்து வயது. அவனுக்கு நடை நின்று நான்கு வருடமாகியிருந்தது. கொட்டாஞ்சேனை வீட்டின் படிக்கட்டில் அவனைத் தூக்கி ஏற்ற முடியாமல்தான், லிப்ட் இருக்கிறது என்று வெள்ளவத்தை அடுக்குமாடி பிளட்டுக்கு வந்தோம். செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். அம்மா அபியின் சக்கர நாற்காலியோடு வெளியே நிற்க, டொக்டர் என்னை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டார். இந்தத் தசை நோய்க்காரப் பிள்ளைகள் இருபதைத் தாண்டுவது கடினம், இன்னும் மூன்று நான்கு வருடம் என்று மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், கேட்பதை வாங்கிக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர். அந்த நாளில் அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். வெளியே வந்தபோது அம்மா, "என்னவாம்?" என்று கேட்டாள். "வழமையான கதைதான். அடுத்த கிளினிக் மூண்டு மாதத்தில" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அபியின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருப்பேன்.

முப்பது வருடம் கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்தவன் நான். எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வரும், எந்தச் சரக்கு எத்தனை நாள் துறைமுகத்தில் கிடக்கும் என்று பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. ஒரு தேதியைக் கையில் தந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப ஒழுங்கு செய்யத்தான் எனக்குத் தெரியும். டொக்டர் என் கையில் ஒரு தேதியைத் தந்துவிட்டார். அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் நீ எங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

முச்சக்கர வண்டிக்காரர் அபியை, "மல்லி, ஹெமின், ஹெமின்", தம்பி மெதுவாக, மெதுவாக என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி இறக்கினார். கடைக்குள் மூன்று பேருக்கும் சக்கர நாற்காலிக்கும் இடம் போதாமல் நான் வாசலில் நின்றேன். றிஸ்வி இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தான். ஒன்று கந்தோர்களில் கழித்த பழைய மெசின்களில் இருந்து எடுத்த புரொசசரும் போர்ட்டும். மற்றது புதியது. "இது இப்ப உள்ள கேம் எல்லாம் ஓட்டும் அங்கிள். ஆனா இதோட சரி. பொறகு மேல ஏத்த ஏலா" என்று பழையதைக் காட்டினான். நீ புதியதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பா, இத எடுத்தா நாலைஞ்சு வருசத்துக்குப் பிறகும் புரொசசர மட்டும் மாத்தலாம். முழுசா மாத்தத் தேவையில்ல" என்றாய். விலை வித்தியாசம் என் சேமிப்புக்குப் பெரிதல்ல. அதை உனக்கு இன்றுதான் சொல்கிறேன். நான் அப்போது, "நாலைஞ்சு வருசத்துக்குப் பிறகு ஆருக்கடா?" என்று கேட்டேன்.

நீ அதைக் கஞ்சன் ஒருவனின் பேச்சாக எடுத்துக்கொண்டாய். "ஆருக்கோ? தம்பிக்குத்தான்" என்று கோபமாகச் சொன்னாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. அபியைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உன் பக்கம் திரும்பி, "அண்ணா, அப்பா சொல்றது சரி. எனக்குப் பழசே காணும்" என்றான். நீ எவ்வளவோ சொன்னாய். அவன் மாறவில்லை. பழையதைக் கட்டிக்கொண்டு வந்தோம். 

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கூடத்துத் தரையில் பத்திரிகை விரித்து அந்த மெசினைப் பூட்டியது என் கண்ணில் இப்போதும் நிற்கிறது. அபி நாற்காலியில் இருந்து கையேட்டை வாசிக்க, நீ கீழே இருந்து பூட்டினாய். புரொசசரின் மூலையில் உள்ள சின்ன முக்கோண அடையாளம் போர்ட்டில் உள்ள அடையாளத்தோடு சேர வேண்டும் என்று அவன் உன்னை மூன்று தரம் நிறுத்தினான். "டேய், எனக்குத் தெரியுமடா" என்று நீ சொல்ல, "தெரிஞ்சா ஏன் திருப்பி வைச்சிருக்கிறாய்?" என்றான். உண்மையிலேயே நீ திருப்பித்தான் வைத்திருந்தாய். அம்மா குசினியில் இருந்து சிரித்தாள். அதன் பிறகு நான்கைந்து வருடம் வீட்டில் பின்னேரம் என்றால் சத்தம்தான். அவனுடைய பள்ளிக்கூடப் பொடியன்கள் நான்கு பேர் தங்கள் தங்கள் வீட்டில் இருந்து ஹெட்போனில் விளையாட வருவார்கள். இவன்தான் கப்டன். ஓடவே முடியாத என் பிள்ளை, "ஓடு, ஓடு, இடப்பக்கம் ஓடு" என்று கத்துவான். நான் கந்தோரால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருக்கும் காலத்துக்குப் போதுமானதை வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்தில்தான் அபி பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்க மாட்டேன் என்றான். உனக்கும் நினைவிருக்கும். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன். எழுதுவதற்கு ஆள் தருவார்கள், நேரமும் கூட்டித் தருவார்கள் என்று கணித ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னார். "களைக்குது சேர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். அம்மா அழுதாள். நீ அவனோடு சண்டை பிடித்தாய். நான்தான், "பிள்ளைக்குக் களைப்பெண்டா விடுங்கோவன்" என்று எல்லோரையும் அடக்கினேன். அதுவும் அந்தத் தேதியை வைத்துச் சொன்னதுதான். இன்னும் இரண்டு வருடம் இருக்கப்போகிறவனைப் பரீட்சையில் வதைப்பானேன் என்று எனக்குள் ஒரு நியாயம்.

பிறகு நீ மெல்பேர்னுக்குப் போனாய். விமான நிலையத்தில் என் காதருகே வந்து, "தம்பி கேக்கிறத வாங்கிக் குடுங்கோ அப்பா. சல்லியக் கட்டிக்கொண்டு போகேலாது" என்று சொன்னாய். நான் ஓம் என்றேன். நீ போன அடுத்த வருடம்தான் நாடு குப்புற விழுந்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மின்வெட்டு. லிப்ட் நின்ற நாட்களில் அபி கிளினிக்குக்கூடப் போகவில்லை. அந்தக் கலவரத்துக்குள் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. பத்தொன்பது வந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் கோயிலுக்குப் போய் நின்றேன், எதைக் கேட்பது என்று தெரியாமல். இருபதும் வந்தது. அந்த வருடம் கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் டொக்டர் இருந்தார். மூச்சுக்கு ஒரு சின்ன மெசின் எழுதித் தந்தார், மருந்தையும் மாற்றினார். வெளியே வரும்போது நான் துணிந்து கேட்டேன், எவ்வளவு காலம் என்று. அவர் ஆச்சரியமாகப் பார்த்து, இப்போது இந்தப் பிள்ளைகள் முப்பதையும் தாண்டுகிறார்கள், யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது என்றார். மகன், அந்த இடத்தில் ஒரு தகப்பன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, அவன் வாழப்போகிறான், நான் அதற்கு ஒன்றுமே செய்து வைக்கவில்லை என்றுதான் முதலில் ஓடியது.

அதே வருடம் அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. இவனுடைய மெசினில் ஏறவில்லை. இந்தப் புரொசசரில் ஓடாது என்று திரையில் எழுத்து வந்தது. நான் றிஸ்வியிடம் ஓடினேன். "அண்டைக்கே சொன்னேனே அங்கிள். அந்த போர்ட்டுக்கு மேல ஒண்டும் இல்ல. போர்ட், ராம், புரொசசர் மூணையும் மாத்தணும். இப்ப சாமானும் வருதில்ல" என்றான். கடையில் பாதி அலுமாரி வெறுமையாக இருந்தது. இருந்த ஒன்றிரண்டின் விலையைக் கேட்டுவிட்டு, அபியின் மூச்சு மெசினுக்கு வைத்திருந்ததைத் தொடுவதா என்று யோசித்து, வெறும் கையோடு திரும்பி வந்தேன். நீ சொன்னதை அன்று வாங்கியிருந்தால் புரொசசர் ஒன்று மட்டும் போதுமாக இருந்திருக்கும். "அடுத்த வருசம் பாப்பம்" என்று அபியிடம் சொன்னேன். "பரவாயில்லை அப்பா" என்றான். கொஞ்ச நாள் பொடியன்கள் இவனுக்காகப் பழைய பதிப்பையே விளையாடினார்கள். பிறகு கிழமைக்கு ஒருமுறை ஆனது. பிறகு ஒருவன் கட்டாருக்குப் போனான், மற்றவனுக்கு வங்கியில் வேலை. ஹெட்போன் கொளுக்கியிலேயே தொங்கியது. அவனுடைய கைகள் ஒழுங்காக வேலை செய்த கடைசி ஒன்றரை வருடம் அதுதான். அதை அவன் மற்றவர்கள் விளையாடுவதைத் தொலைபேசியில் பார்த்தே கழித்தான்.

இதுகூட நான் சொல்ல வந்ததன் பாதிதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கன்னத்தில் நுரையோடு, "அப்பா, டொக்டர் உங்களிட்ட எத்தின வருசம் எண்டு சொன்னவர்?" என்று கேட்டான். எந்த டொக்டர் என்று கேட்டேன். "நடிக்காதேங்கோ. அண்டைக்குக் கொம்பியூட்டர் கடையில உங்கட முகத்தைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும்." நான் கத்தியைக் கீழே வைத்தேன். மூன்று நான்கு என்றேன். அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நான் ரெண்டு எண்டு நினைச்சனான். அதுதான் சோதனை எழுதேல்ல. ரெண்டு வருசத்தில சாகப்போறவன் ஏன் படிப்பான் எண்டு விட்டிட்டன்" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது பிடிமானம் கிடைத்திருக்கும். "மற்றக் கன்னம் கிடக்கு அப்பா, நுரை காயுது" என்றான். நான் மற்றக் கன்னத்தையும் வழித்து முடித்தேன். 

அம்மாவிடம் அன்று பின்னேரமே எல்லாவற்றையும் சொன்னேன்.  மூன்றாம் நாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "எனக்குச் சொல்லியிருந்தா நான் அந்தப் புது போர்ட்டையே வாங்கச் சொல்லியிருப்பன்" என்றாள். "தெரிஞ்சுமோ?" என்று கேட்டேன். "தெரிஞ்சபடியால்தான். பிள்ளைக்கு விளங்கக் கூடாதெல்லோ" என்றாள். இதில் என்ன இருக்கிறது, ஒரு சின்ன விஷயம் என்று நீ நினைக்கலாம். நான் முப்பத்தைந்து வருடம் அவளோடு வாழ்ந்தும் அவள் இப்படி யோசிப்பாள் என்று அறியாமல் இருந்தேன். நீ அடுத்த மாதம் ஒரு பிள்ளையைக் கைப்பிடிக்கப் போகிறாய். நாங்கள் வர முடியாது என்பது உனக்குத் தெரியும், அபியை விட்டுவிட்டு இருவரும் வர ஏலாது, ஒருவர் மட்டும் தனியாக அவனைத் தூக்கவும் ஏலாது. வந்திருந்தால் உன்னிடம் இது ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன்: வைத்தியர் சொல்வதை, கந்தோரில் நடப்பதை, எதையென்றாலும் நீ தனியாக வைத்திருக்காதே. நான் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் அதைச் சுமந்தேன். காப்பாற்ற வேண்டியவனுக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். அபியின் கைகள் போய்விட்டன. இடது கை முழுதாக. வலது கையில் பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். "அண்ணா அங்க தனிய இருக்கிறான். அவனுக்கு ஏன்?" என்பான். அந்தச் சத்தியத்தை இந்த வாங்கில் இருந்து உடைக்கிறேன். இன்னொரு இரகசியத்தை என்னால் தூக்க முடியாது. எனக்கும் முதுகு போய்விட்டது. அவனைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்ற இப்போது கீழ்வீட்டுப் பெரேரா வர வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. உன் தலையில் அதைக் கட்டிவிட்டதாக நினைக்காதே. ஆனால் பதில் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் பட்டியலை நேற்று அவனுக்கு வாசித்துக் காட்டினேன். மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம், இதையாவது காட்டுவோம் என்று நினைத்தேன். கண் வெளித்தது மகன். மூன்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான். அதைத் தேடுங்கோ, இதைத் தேடுங்கோ என்று மத்தியானம் முழுக்க என்னைத் தொலைபேசியில் தேட வைத்தான். கடைசியில் நடுவில் உள்ளதுதான் சரி என்று, றிஸ்வி சொன்னதையே சொன்னான். அதோடு நீயும் றிஸ்வியும் கவனிக்காத ஒன்றையும் பிடித்தான். நீ எழுதிய மதர்போர்ட் இந்தப் புரொசசருக்கு முன்னரே வந்ததாம். கடையில் பழைய சரக்காகக் கிடந்தது என்றால் அதன் உள் மென்பொருளைப் புதுப்பிக்காமல் இந்தப் புரொசசரைப் போட்டால் மெசின் எழும்பவே எழும்பாதாம். "அண்ணா இன்னும் அவசரக்காரன்தான்" என்று சிரித்தான். நான் அந்தச் சந்தோஷத்தில், "அப்ப வாங்கச் சொல்லட்டோ?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிப்பை விடாமலே, "வேண்டாம் அப்பா. கொண்டுவந்து வைச்சா நான் ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கோணும்" என்றான். பிறகு யன்னல் பக்கம் திருப்பிவிடச் சொன்னான்.

ஆகவே சல்லி அனுப்பாதே. றிஸ்வியிடம் இப்போது வீட்டுக்குப் போகும் வழியில் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ கோல் எடுக்கும்போது அந்த மதர்போர்ட்டைப் பற்றிக் கேள், அவனே உனக்குச் சொல்லட்டும், சொல்வதற்குக் காத்திருக்கிறான். ஒவ்வொரு கிழமையும் நீ எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு அவன் அம்மாவைக் கூப்பிட்டு, வலது கையைத் தூக்கி மேசையில் மவுஸுக்கு மேல் வைக்கச் சொல்வான், உனக்குத் தெரியாமல் இருக்க. அரை மணித்தியாலம் அப்படியே இருப்பான். எல்லாம் தெரியும் என்று எடுத்தவுடனேயே அவனிடம் சொல்லிவிடு, மகன். கை அப்படிக் கிடந்தால் அவனுக்குத் தோள் நோகிறது.

அப்பா